தளர்ந்துபோன சின்ன ஸ்பிரிங்குகளுக்கு வீட்டிலேயே மீண்டும் விசை ஏற்றுவது எப்படி?

கதவுப் பூட்டின் நாக்கு பாதியில் நின்றுவிடுகிறது. செடி வெட்டும் கத்தரி ஒருமுறை அழுத்தினால் திரும்பத் திறப்பதில்லை. தையல் மெஷினில் நூல் தொளதொளவென்று விழுகிறது. மூன்றுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஸ்பிரிங் போயிடுச்சு." உடனே பூட்டையே மாற்றுகிறோம், கத்தரியைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம். இரண்டு ரூபாய்க் கம்பிச் சுருளுக்காக நல்ல பொருளைத் தூக்கி எறிவது எனக்குப் பொறுக்காது. அந்தச் சுருளைச் சரிசெய்ய முடியும் என்று தெரிந்த பிறகு இன்னும் பொறுக்காது.

தளர்ந்த எஃகு ஸ்பிரிங்கில் பெரும்பாலும் கம்பியின் விறைப்பு குறைந்திருப்பதில்லை. நீளம்தான் குறைந்திருக்கிறது. விறைப்பைத் தீர்மானிப்பவை நான்கு: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகுக்கே உரிய மீள்தன்மை. பல ஆண்டு உழைப்பில் இவை நான்கும் அநேகமாக மாறுவதில்லை. அளவுக்கு மீறி அழுத்தப்பட்டதாலோ, நீண்ட காலம் அழுத்தத்திலேயே கிடந்ததாலோ சுருள் கொஞ்சம் கட்டையாகிவிடுகிறது. அவ்வளவே.

ஒரு கணக்கைப் பாருங்கள். 0.8 மி.மீ. கம்பியில், 8 மி.மீ. வெளிவிட்டத்தில், வேலை செய்யும் 8 சுற்றுகளோடு சுற்றிய பூட்டு ஸ்பிரிங் ஒன்று. அதை ஒரு மில்லிமீட்டர் அழுத்த ஏறக்குறைய 138 கிராம் விசை வேண்டும். புதிதில் அதன் நீளம் 30 மி.மீ. பூட்டுக்குள் 20 மி.மீ. இடத்தில் அது உட்கார்ந்திருந்தால், 10 மி.மீ. அழுத்தத்துக்கு 1,380 கிராம் தள்ளுவிசை கிடைக்கும். அதே ஸ்பிரிங் 27 மி.மீட்டராகக் கட்டையானால் கிடைப்பது 970 கிராம்கூட இல்லை. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு போனதற்கு விசையில் முப்பது சதவீதம் போய்விடுகிறது. அந்த 3 மில்லிமீட்டரை மீட்டு, அதை நிலைக்க வைப்பதுதான் இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

கை வைக்கக் கூடாதவை

பிரஷர் குக்கர் வால்வு, எரிவாயு ரெகுலேட்டர், இரு சக்கர வாகனத்தின் பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர், சைடு ஸ்டாண்டு ஆகியவற்றின் ஸ்பிரிங்குகளை இந்த முறைகளால் சரிசெய்யவே கூடாது. தவறினால் உயிருக்கு ஆபத்து வரும் இடங்கள் அவை. அங்கே புதிய அசல் உதிரி பாகம் ஒன்றுதான் வழி. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான கம்பியையும் வீட்டில் தொட வேண்டாம். சின்ன ஸ்பிரிங் என்றாலும் கண்ணாடி அணியாமல் வேலையைத் தொடங்காதீர்கள். கையிலிருந்து தெறிக்கும் சுருள் கண்ணுக்குத்தான் வரும்.

முதலில் கழுவுங்கள், பிறகு பாருங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஸ்பிரிங்குகளுக்கு எமன் உப்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் ஜன்னல் கம்பியைத் தடவினாலே விரலில் பிசுபிசுப்பு தட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மண் இது. அந்த அளவு ஈரப்பதம் இங்கே சர்வசாதாரணம். ஆக, மழையில் நனையாத ஸ்பிரிங்கும் உள்ளே நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

ஸ்பிரிங்கைக் கழற்றியதும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகு மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு சுற்றின் இடுக்கையும் தேயுங்கள். தையல் மெஷினுக்கும் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. கையருகே எப்போதும் இருப்பது அதுதானே. ஆனால் அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து மஞ்சள் பசையாக இறுகிவிடும். அந்தப் பசையை எடுத்தவுடனேயே பாதி "போன" ஸ்பிரிங்குகள் உயிர்த்துக்கொள்கின்றன. தையல் மெஷினில் நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூல் பிசிறு சிக்கியிருந்தாலும் ஸ்பிரிங்மேல்தான் பழி விழும், அதையும் பார்த்துவிடுங்கள்.

துருவை எடுக்கப் புளித் தண்ணீர், எலுமிச்சை, வினிகர் வேண்டாம். மீன் குழம்புக்குப் போடும் கொடம்புளி உட்பட எந்தப் புளிப்பும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி அருமையான பொருள். ஸ்பிரிங் எஃகோ கடினமாக இழுக்கப்பட்ட எஃகு. அமிலம் பட்டால் அதனுள் ஹைட்ரஜன் புகுந்து கம்பியை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். மாட்டிய சில நாளில் பட்டென்று முறியும். யாரோ ஏற்கெனவே புளியில் ஊறவைத்திருந்தால் 200 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றலாம்.

சுத்தமான ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். குத்துக்குத்தாகத் துரு அரித்த குழிகள் இருந்தால் அதற்கு மேல் உழைக்க வேண்டாம். முறிவு அந்தக் குழியில்தான் தொடங்கும். கம்பி உரசி உரசி ஒரு பக்கம் தட்டையாகப் பளபளக்கிறதா என்றும் பாருங்கள். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.8 மி.மீ. கம்பி முழுவதும் 0.75 ஆகத் தேய்ந்தால் விறைப்பில் ஏறக்குறைய 23 சதவீதம் போயிற்று. நீட்டுவதாலோ சூடாக்குவதாலோ அது திரும்பி வராது.

சமையலறைத் தராசில் ஒரு சோதனை

விசை குறைந்திருக்கிறதா என்பதை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். ஸ்பிரிங்குக்குள் தளர்வாக நுழையும் ஆணி ஒன்றைச் சிறு பலகையில் நேராக அடித்து, பலகையைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பிரிங்கை ஆணியில் நிறுத்துங்கள். பழைய பேனாக் குழாய் ஒன்றை வெறும் குழாயாக்கி மேலிருந்து அழுத்துங்கள். ஆணித் தலை குழாய்க்குள் போய்விடும். ஸ்பிரிங் பூட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டரில் உட்காருமோ அந்த உயரத்துக்கு ஓர் அட்டைத் துண்டை வெட்டிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால், குழாயின் விளிம்பு அட்டையின் உச்சிக்கு நேராக வரும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எண் முதலில் குதிக்கும். கையை நிதானப்படுத்தினால் பத்து இருபது கிராமுக்குள் நிற்கும். வேலை முடிந்ததும் இதே அட்டையோடு மறுபடியும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எண்ணைக் குறித்ததும் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஸ்பிரிங்கைத் தொடாமலேயே காரியம் முடியுமா? அடியில் 2 மி.மீ. வாஷர் ஒன்றைப் போட்டால் மேலே சொன்ன பூட்டில் 970 கிராம் 1,240 ஆகிவிடும். சைக்கிள் கடையில் கேட்டாலே வாஷர் கிடைக்கும். முழுவதும் அழுத்தும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் வாஷரைவிட நல்ல வைத்தியம் இல்லை. இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலேயே பூட்டை மூடிவிடலாம்.

நீட்டுதல்

இடம் இல்லாதபோதுதான் நீட்ட வேண்டும். இரு முனைகளையும் குறட்டால் பிடித்து இழுப்பதுதான் பலரும் செய்வது. அப்படி இழுத்தால் ஓரச் சுற்றுகள் கோணிக்கொள்ளும், நடுச் சுற்றுகள் அசையாது. ஸ்பிரிங்குக்குள் நேரான ஆணியையோ கம்பியையோ நுழைத்துக்கொள்ளுங்கள், வளையாமல் இருக்கும். பிறகு மழுங்கிய கத்தியின் முதுகையோ மெல்லிய ஸ்க்ரூடிரைவரையோ இரண்டு சுற்றுகளுக்கு நடுவே விட்டு, சுருளோடு சுருளாக வழித்துக்கொண்டே போங்கள். ஒவ்வோர் இடைவெளியும் ஒரே அளவு விரிய வேண்டும். இரு முனைகளிலும் ஒட்டிப் படுத்திருக்கும் கடைசிச் சுற்றைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் நேராக நிற்பது அதனால்தான்.

27 மி.மீட்டரை 30 ஆக்க வேண்டுமானால் 30-இல் நிறுத்தக் கூடாது. 32, 33 வரை போக வேண்டும். ஏன் என்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. எஃகுக் கம்பியை ஒரு திசையில் நிரந்தரமாகத் திருகிவிட்டால், எதிர்த்திசையில் அது முன்னைவிட எளிதாக மசியும். அழுத்தத்தில் வேலை செய்யும் ஸ்பிரிங்கை நாம் இழுத்து நீட்டியிருக்கிறோம். அழுத்தும்போது அது சீக்கிரமே பழைய நீளத்துக்கு ஒடுங்கிவிடும். "இழுத்து மாட்டினேன், ரெண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது" என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நின்றவர்கள்தான். அவர்கள் விட்டுவிட்டவை அடுத்த இரண்டு படிகள்: இளஞ்சூடு, பிறகு அழுத்திப் பழக்குதல்.

இழந்த நீளம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால் அந்த ஸ்பிரிங் அந்த வேலைக்குப் போதாதது என்றே நான் எடுத்துக்கொள்வேன், நீட்டினாலும் நிற்காது.

இளஞ்சூடு

நெருப்பில் காட்டாதீர்கள். அடுப்புச் சுடரில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் "முறுக்கேறும்" என்பது பரவலான நம்பிக்கை. சின்ன ஸ்பிரிங் கம்பி தன் வலுவைப் பெறுவது அச்சுத் துளைகளின் வழியே குளிராக இழுத்து மெலிய வைப்பதால். சிவக்கச் சுட்டால் அந்த வலு முழுவதும் போய்விடும். தண்ணீரில் முக்கினால் கண்ணாடியைப்போல் முறியும். ஆறவிட்டால் கட்டுக்கம்பியாக வளையும். முறையாகச் சிவக்கச் சுட்டு, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி நீலம் தட்டும்வரை சூடாக்கும் வித்தை கொல்லுப்பட்டறைக்குரியது. அது தட்டையான பட்டை வில்களுக்கு. நம் மெல்லிய கம்பிக்கு அல்ல.

நமக்கு வேண்டியது 220 முதல் 230 டிகிரி, அரை மணி நேரம். கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடும் ஓடிஜி அடுப்பு இருந்தால் வேலை சுலபம். ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு தகரத் தட்டில் வையுங்கள். 230-இல் அரை மணி நேரம் விட்டு, அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் போட வேண்டியதே இல்லை.

ஓடிஜி இல்லாதவர்களுக்கு மணல் சட்டி. பழைய இரும்புச் சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் போடுங்கள். கடல் மணல் கூடாது, அதில் உப்பு இருக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை எக்காரணம் கொண்டும் சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கப் பொருள். மணலில் சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது, சூட்டில் தெறிக்கும்.

வெப்பமானி இல்லாமல் சூட்டை அறிய ஓர் ஆணி போதும். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி போலாக்கிய இரும்பு ஆணியை, விரல் படாமல், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் மணலில் பாதி புதையுங்கள். சிறு தீயில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை குறட்டால் எடுத்துப் பாருங்கள். நீண்ட நேரம் எதுவும் நடக்காது. பிறகு வெள்ளையில் ஒரு மங்கல் தட்டும். அது மெல்ல மெல்ல வைக்கோல் மஞ்சளாகும். அதுதான் 220, 230 டிகிரி. தீயை இன்னும் குறைத்து அந்த நிறத்தை நிறுத்த வேண்டும். நிறம் ஏறிப் பழுப்பானால் 250 தாண்டிவிட்டது, ஊதாவானால் 270, 280. நீலம் 300-ஐ ஒட்டி வரும். அந்த அளவுக்குப் போனால் கம்பி வலுவிழக்கத் தொடங்கும். கடிகாரத்தின் பட்டை ஸ்பிரிங் நீலமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அது கடினப்படுத்திய பின் அந்தச் சூட்டுக்குப் பதப்படுத்திய எஃகு. இது வேறு இனம். ஆணி அதிக நேரம் சூட்டில் கிடந்தாலும் நிறம் கொஞ்சம் ஏறும் என்பதால், சந்தேகம் வந்தால் புதிதாகத் தேய்த்த இன்னோர் ஆணியைப் போட்டுப் பாருங்கள்.

காந்தம் சற்றும் ஒட்டாத ஸ்பிரிங் பித்தளையாகவோ பாஸ்பர் வெண்கலமாகவோ இருக்கும். டார்ச், ரிமோட் தொடுமுனைகளில் இவை வரும். அவற்றைச் சூடாக்காமல், உப்புத்தாளால் தேய்த்துச் சற்றே நிமிர்த்திவிட்டால் போதும். காந்தம் மெலிதாக ஒட்டி, துருவே பிடிக்காமல் இருப்பது ஸ்டெயின்லெஸ். அதற்கு வேண்டிய சூடு 350 டிகிரியை ஒட்டியது, வீட்டு அடுப்புக்கு எட்டாது. ஆகவே நீட்டி, அழுத்திப் பழக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பழக்குதல்

ஆறிய ஸ்பிரிங்கை ஆணியில் கோத்து, சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்வரை முழுக்க அழுத்தி விடுங்கள். ஐந்தாறு முறை. முதல் அழுத்தலில் நீளம் சட்டென்று குறையும், இரண்டாவதில் கொஞ்சம், அதன்பின் அசையாமல் நிற்கும். அந்த நின்ற நீளம்தான் இனி உங்களுக்குச் சொந்தமானது. 33-இலிருந்து 30 அல்லது 30.5-இல் நின்றால் வேலை கச்சிதம். 28-க்கு இறங்கினால் இன்னொரு சுற்று நீட்டிச் சூடாக்கலாம்; இரண்டாம் முறையும் இறங்கினால் விட்டுவிடுங்கள். தொழிற்சாலைகளிலும் புது ஸ்பிரிங்குகளை இப்படி முழுக்க அழுத்தித்தான் நீளத்தை நிலைப்படுத்துகிறார்கள். இப்போது அட்டையை எடுத்துத் தராசில் மறுபடி அளந்து பாருங்கள்.

இழுவை ஸ்பிரிங்கும் முறுக்கு ஸ்பிரிங்கும்

கொசுவலைக் கதவை இழுத்துச் சாத்தும் ஸ்பிரிங் வேறு வகை. அது சும்மா இருக்கும்போது சுற்றுகள் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் தளர்ந்துவிட்டது. அதை மறுபடி நெருக்குவது வீட்டில் நடக்காது. ஒன்றிரண்டு சுற்றுகளை நீக்கிப் புதுக் கொக்கி போடுவதுதான் வழி. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்: பத்தில் இரண்டை எடுத்தால் 25 சதவீதம். கூடவே எட்டும் தூரமும் குறையும். கதவு முழுவதும் திறக்கும் தூரத்துக்கு இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். சாதாரணக் கட்டிங் பிளையரால் வெட்டினால் பிளையரின் வாய்தான் போகும். முக்கோண அரத்தால் ஒரு காடி போட்டு வளைத்தால் அந்த இடத்தில் முறியும். கடைசிப் பாதிச் சுற்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நிமிர்த்திக் கொக்கியாக்குங்கள். கூர்மையான மடிப்பு கூடாது. கொக்கி எப்போதும் அங்கேதான் முறியும்.

துணிக் கிளிப், தையல் மெஷினின் நூல் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் போன்றவை முறுக்கு ஸ்பிரிங்குகள். வேலை செய்யும்போது சுருள் இறுகும் திசையில் காலை மடக்குகின்றன. தளர்ந்தால், காலை எதிர்த்திசையில், சுருள் அவிழும் பக்கமாகச் சிறிது சிறிதாக வளைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். வளைப்பது சுருளை ஒட்டிய இடத்தில் மழுங்கலாக இருக்கட்டும். தையல் மெஷினுக்கு உதிரி பாகம் மலிவு. ஆனால் பண்டிகைக்கு முந்தின இரவு கடை திறந்திருக்காது. அன்றைக்கு இந்த வளைப்பு துணியை முடித்துக் கொடுத்துவிடும்.

உப்புக்காற்றிலிருந்து காத்தல்

சூடாக்கிய எஃகில் எண்ணெய்ப் பூச்சே இருக்காது. ஒரே இரவில் துரு பிடிக்கும். இளஞ்சூடு இருக்கும்போதே மெஷின் ஆயிலில் முக்கி எடுங்கள். பூட்டு, கத்தரி ஸ்பிரிங்குகளுக்குக் கிரீஸ் மெல்லியதாகப் பூசலாம். கிரீஸ் இல்லாவிட்டால் வாசலின். கடற்கரையிலிருந்து தள்ளி, ரப்பர் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பருவமழை தொடங்குமுன், போதும். கரையோர வீடுகளில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். எப்போதும் பழைய எண்ணெயைத் துடைத்து, உப்பை நீரால் எடுத்து, காயவைத்த பிறகே புது எண்ணெய். உப்பின்மேல் எண்ணெய் பூசினால் அதை உள்ளேயே வைத்து மூடுகிறோம்.

மாட்டி ஒரு வாரம் கழித்துக் கழற்றி நீளத்தை அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குள் குறைந்திருந்தால் கவலையில்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் புதிது வாங்க வேண்டியதுதான். நாகர்கோவிலில் இரும்புக்கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கம்பித் தடிமன், வெளிவிட்டம், நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஸ்பிரிங்கை முழுக்க அழுத்தி உயரத்தை அளந்து சுற்றுகளால் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும்: பத்துச் சுற்று 8 மி.மீ. என்றால் கம்பி 0.8 (முனைகளை அரைத்துத் தட்டையாக்காத சுருள் என்றால் சுற்றுகளோடு ஒன்றைக் கூட்டி வகுங்கள்). கடையில் "கிட்டத்தட்ட இதேதான்" என்று 0.9 கம்பியில் ஒன்றை நீட்டுவார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்பு 60 சதவீதம் கூடுதல். பூட்டைத் திறக்கக் கட்டைவிரல் வலிக்கும். 0.8 வரும்வரை பெட்டியைக் கிளறச் சொல்லுங்கள்.